யார் அந்தப் பறவை? ஓக் காட்டில் மரங்கொத்திகளைப் பார்க்கக் கற்றுக்கொள்வது

கலிபோர்னியாவின் கடலோர மலைகளைத் தாண்டி உள்ளே போனால், ஓக் மரங்கள் நிற்கும் புல்சரிவுகள் வரும். செப்டம்பர் கடைசியில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும், மரங்கள் மட்டும் பச்சையாக இருக்கும். அப்படி ஒரு சரிவில்தான் காலை ஏழு மணிக்கு ஏகார்ன் மரங்கொத்திகளை முதன்முதலாக உட்கார்ந்து கவனித்தேன். பட்டுப்போன ஒரு பெரிய கிளையில் ஐந்தாறு பறவைகள். ஒன்று அலகில் கொட்டையோடு வந்தது, ஒன்று கத்தியது, இரண்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. நானும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டினால், "கொட்டை கொண்டு வந்தது. கத்தியது. பறந்தது. இன்னொன்று வந்தது" என்று இரண்டு பக்கம் இருந்தது. கொட்டை கொண்டு வந்ததும் கத்தியதும் ஒரே பறவையா? துரத்தப்பட்டது அந்தக் குடும்பத்துப் பறவையா, வெளியிலிருந்து வந்ததா? ஐந்து பறவைகள் வந்துபோயினவா, ஒரே பறவை ஐந்து தடவை வந்ததா? எந்தக் கேள்விக்கும் அந்த இரண்டு பக்கத்தில் பதில் இல்லை.

பறவைகளின் நடத்தையை அவதானிப்பது என்றால் அவை என்ன செய்கின்றன என்று எழுதுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி வேலைதான். எந்தப் பறவை செய்தது, யாருக்குச் செய்தது என்பது மீதிப் பாதி. அதுதான் கடினம், அதில்தான் கதையும் இருக்கிறது. இந்த மரங்கொத்தியை வைத்தே அதை விளக்குகிறேன். இதைவிடப் பொருத்தமான பறவை எனக்குத் தெரிந்து இல்லை.

ஓக் மரத்தைத் தமிழில் கருவாலி என்பார்கள். அதன் கொட்டைதான் ஏகார்ன்: விரல்நுனி அளவில், தலையில் சின்னத் தொப்பி மாட்டியதுபோல இருக்கும். இந்தக் கொட்டையைச் சேர்த்துவைத்து வாழ்வதால் பறவைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து தெற்கே கொலம்பியா வரைக்கும், பெரும்பாலும் ஓக் இருக்கும் இடங்களில் இது வாழ்கிறது. நம் மைனா அளவுதான் இருக்கும். முதுகு கருப்பு, நெற்றி வெள்ளை, உச்சந்தலை சிவப்பு, கண் வெளுப்பு. முகத்தைப் பார்த்தால் யாரோ சாயம் பூசி அனுப்பியதுபோல் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் வேறு எந்தப் பறவையோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

நம் ஊர்த் தென்னந்தோப்பில் தெரியும் பொன்முதுகு மரங்கொத்தி தனியாகவோ ஜோடியாகவோதான் திரியும். ஏகார்ன் மரங்கொத்தி அப்படியில்லை, கூட்டுக் குடும்பமாக வாழ்கிறது. அந்தக் குடும்பத்தைக் கட்டிப்போட்டிருப்பது ஒரு மரம்.

களஞ்சிய மரம்

அந்த மரத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடியிலிருந்து கிளை நுனி வரைக்கும் துளைகள், ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு கொட்டை. பத்தாயத்தில் நெல்லைக் கொட்டிவைப்பதுபோல் மொத்தமாகப் போட்டு வைப்பதில்லை, ஒவ்வொரு கொட்டைக்கும் தனி அறை. பெரும்பாலும் பட்டுப்போன கிளையிலும் தடித்த மரப்பட்டையிலும்தான் துளை போடுகின்றன. அதனால் உயிருள்ள மரத்துக்குப் பெரிய சேதம் வருவதில்லை. ஒரே மரத்தில் 50,000 துளைகள் வரை இருந்ததாகப் பதிவு உண்டு. சாதாரணமாக ஒரு குடும்பத்துக்குச் சில ஆயிரம் துளைகள் இருக்கும்.

சில ஆயிரம் துளைகள் ஒரு பருவத்தில் வந்துவிடாது. இலையுதிர்காலம் கொட்டை சேர்க்கும் காலம், புதுத் துளை போடுவது பெரும்பாலும் குளிர்காலத்து வேலை. பழைய துளைகளை வருடா வருடம் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டு, கூடவே கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைச் சேர்க்கின்றன. ஆக, நீங்கள் பார்க்கும் மரம் பல தலைமுறை உழைப்பு. குளிர்காலத்தில் அதுதான் சாப்பாடு, வசந்தத்தில் மிச்சமிருந்தால் இனப்பெருக்கத்துக்குத் தெம்பு. இப்படியொரு சொத்தை விட்டு இளம் பறவைகள் ஏன் அவசரமாகக் கிளம்பவில்லை என்பது இதில் ஓரளவு புரிந்துவிடும்.

சேமிப்பதோடு வேலை முடிவதில்லை. கொட்டை காயக் காயச் சுருங்கும், துளைக்குள் ஆட்டம் காணும். ஆடும் கொட்டையை ஜே என்ற காக்கை இனப் பறவையும் அணிலும் எளிதாக உருவிக்கொண்டு போய்விடும். அதனால் மரங்கொத்திகள் ஓயாமல் மரத்தைச் சுற்றிவந்து, தளர்ந்த கொட்டையை எடுத்துச் சின்னத் துளையாகப் பார்த்து மாற்றி அறைகின்றன. இதைப் பார்ப்பதுதான் புதிதாக வருபவருக்கு நல்ல முதல் பயிற்சி. கொட்டையோடு வரும் ஒரு பறவையின் மேல் கண்ணை வையுங்கள். எத்தனை துளையில் வைத்துப் பார்க்கிறது? பொருந்தாவிட்டால் கொட்டையைத் திருப்புகிறதா, இடத்தை மாற்றுகிறதா? எத்தனை தட்டில் உள்ளே இறங்குகிறது? பத்துக் கொட்டைகளுக்கு இப்படி எண்ணினால் போதும், மறுநாள் அதே மரத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

துளை கிடைக்காவிட்டால் தந்திக்கம்பம், வீட்டுச் சுவர் என்று எதிலும் அறைந்துவிடும். அரிசோனாவில் ஒரு மரத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுமார் 220 கிலோ கொட்டை சேர்ந்திருந்தது. அங்கே துளை போட்ட பறவைகளுக்குக் கொட்டை உள்ளே விழுந்துகொண்டே இருந்தது, இடம் நிறையவே இல்லை. பாவமாக இருக்கிறது.

காலில் வளையம்

இந்தப் பறவையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஓக் காட்டிலிருந்து வந்தது. மான்டரே மாவட்டத்தில் கார்மல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வுக் காப்பிடம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் நடத்துவது, 1937-இல் தொடங்கியது. மைக்கேல் மேக்ராபர்ட்ஸ், பார்பரா மேக்ராபர்ட்ஸ் இருவரும் 1960-களின் கடைசியில் அங்கே மரங்கொத்திகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1970-களில் வால்டர் கேனிக் வந்து சேர்ந்தார், பிறகு ரொனால்ட் மம்மி, ஜேனிஸ் டிக்கின்சன் என்று பலர். அரை நூற்றாண்டாக அதே காட்டில், அதே குடும்பங்களை, பறவை பறவையாகத் தொடர்கிறார்கள்.

பறவை பறவையாக என்பதுதான் இங்கே முக்கியம். குஞ்சு பொந்துக்குள் மூன்று வார வயதில் இருக்கும்போதே மரத்தில் ஏறி எடுத்து, காலில் எண் பொறித்த ஒரு உலோக வளையமும் சில வண்ண வளையங்களும் மாட்டி, திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார்கள். வண்ண வரிசை ஒவ்வொன்றுக்கும் வேறு. அதன்பின் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் காலைப் பார்த்தாலே இது இன்னாருடைய மகள், இந்த வசந்தத்தில் பிறந்தவள், போன மாதம் வரை அந்த மரத்தில் இருந்தவள் என்று சொல்லிவிடலாம்.

அந்த வளையங்கள் இல்லாமல் தெரிந்திருக்கவே முடியாத விஷயங்கள்தான் எவ்வளவு! ஒரு குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் இனப்பெருக்கம் செய்யலாம். அவை பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், அல்லது தகப்பனும் மகன்களும். பெண்களும் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அக்கா தங்கைகளோ தாயும் மகளுமோ ஒரே பொந்தில் முட்டையிடும். இவர்களைத் தவிர, முந்தைய வருடங்களில் பிறந்து இன்னும் வீட்டை விட்டுப் போகாத பிள்ளைகள் இருக்கும். அவை தாமே முட்டையிடுவதில்லை. தம்பி தங்கைகளுக்குப் பூச்சி கொண்டு வந்து ஊட்டும், களஞ்சியத்தைக் காக்கும். இப்படிப் பெற்றோர் அல்லாதவர்களும் சேர்ந்து குஞ்சு வளர்ப்பதைக் கூட்டு இனப்பெருக்கம் என்கிறோம்.

கேட்க இதமாக இருக்கும். ஆனால் பொந்துக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு. இரண்டு சகோதரிகள் ஒரே பொந்தில் முட்டையிடத் தயாராகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி முதல் முட்டை இடுகிறாள். இன்னும் முட்டையிடத் தொடங்காத மற்றவள் அதை அலகில் எடுத்து வெளியே கொண்டு போய், ஒரு கிளையில் வைத்து உடைக்கிறாள். குடும்பத்துப் பறவைகள் வந்து சாப்பிடுகின்றன, சில சமயம் முட்டையிட்டவளும் சேர்ந்துகொள்கிறாள். அடுத்த முட்டைக்கும் இதே கதி நேரலாம். இருவரும் முட்டையிடத் தொடங்கிய பிறகு இது நின்றுவிடும், ஏனென்றால் அப்போது எது தன்னுடையது என்று எவளுக்கும் தெரியாது. மம்மி, கேனிக், ஃபிராங்க் பிட்டெல்கா மூவரும் இதை 1983-இல் வெளியிட்டார்கள். கூட்டுப் பொந்துகளில் இடப்படும் முட்டைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி அழிகிறது என்பது அவர்கள் கண்டது.

இதையே வளையம் இல்லாமல் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்போம்? "ஒரு மரங்கொத்தி பொந்திலிருந்து முட்டையை எடுத்துப் போய்த் தின்றது" என்றுதான். எங்கிருந்தோ வந்த திருடன் என்று முடிவு கட்டியிருப்போம். எடுத்தது யார் என்று தெரிந்த அந்த நிமிடத்தில்தான் அது திருட்டு இல்லை, உடன்பிறப்புகளுக்கு இடையே நடக்கும் போட்டி என்று புரிந்தது.

ஆண்களிடமும் இது உண்டு. பெண் முட்டையிடும் நாட்களில் ஒரு ஆணைச் சில நாள் பிடித்து வைத்திருந்து திரும்ப விட்டால், அது வந்து பொந்திலுள்ள முட்டைகளை அழித்துவிடலாம் என்பதைக் கேனிக் சோதனை செய்து காட்டினார். அந்த முட்டைகளில் தன் பங்கு இருக்க வழியில்லை என்பதுபோல் அது நடந்துகொள்கிறது. கூட இருந்து எண்ணி, பெயர் தெரிந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே இந்தக் குடும்பத்தின் இரண்டு முகமும் தெரியும்.

கண்ணை எங்கே வைப்பது

பறவைகளை அடையாளம் காணும் வழி இருந்தாலும், புதியவர் உடனே விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் கண் சத்தத்துக்கும் சண்டைக்கும் ஓடும். ஒரு மூலையில் இரண்டு பறவைகள் துரத்திக்கொண்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்போம். நாள் முடிவில் குறிப்பேடு முழுக்கச் சண்டையாக இருக்கும். ஆனால் அந்தப் பறவைகள் பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருந்திருக்கும்.

ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974-இல் இதைச் சரிசெய்யும் வழிகளைத் தெளிவாக எழுதிவைத்தார். அவர் பார்த்தது கென்யாவின் பபூன் குரங்குகளை, ஆனால் முறை எல்லா விலங்குக்கும் பொருந்தும். அதில் இரண்டு உங்களுக்குப் போதும். முதலாவது, ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து குறிப்பிட்ட நேரம், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டுமே பார்ப்பது. பக்கத்தில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் கண்ணை எடுக்கக்கூடாது. அது தூங்கினால் "தூங்குகிறது" என்று எழுத வேண்டும். இரண்டாவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்து, அந்த நொடியில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பறவையும் என்ன செய்கிறது என்று வரிசையாக எழுதுவது. முதலாவது ஒரு பறவையின் வாழ்க்கையைக் காட்டும், இரண்டாவது குடும்பம் நேரத்தை எப்படிச் செலவிடுகிறது என்று காட்டும்.

எனக்குப் பிடித்தது முதலாவது. சலிப்பாகத்தான் இருக்கும். ஆறாவது நிமிடத்தில் பறவை சிறகைக் கோதிக்கொண்டே இருக்கும், நமக்கு உள்ளங்கை அரிக்கும். ஆனால் அது எவ்வளவு நேரம் காவல் இருக்கிறது, எவ்வளவு தடவை வானத்தில் பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துத் திரும்புகிறது என்பதெல்லாம் இப்படித்தான் பிடிபடும். ஆமாம், பெயர் ஏகார்ன் மரங்கொத்தி என்றாலும் பூச்சிதான் அதற்கு மிகவும் பிடித்தது. 1827-இல் வில்லியம் ஸ்வெயின்சன் வைத்த அறிவியல் பெயரிலேயே எறும்பு தின்னி என்ற பொருள் இருக்கிறது.

அப்புறம், எழுதும் மொழி. "கோபமாகக் கத்தியது", "அன்பாக வரவேற்றது" என்று எழுதாதீர்கள். குடும்பத்துப் பறவை ஒன்று கிளையில் வந்து இறங்கியதும் இன்னொன்று சிறகை விரித்து, உடலைத் தாழ்த்தி, "வாக்கா வாக்கா" என்று கத்துவதை அடிக்கடி பார்ப்பீர்கள். சிறகு விரிந்தது, உடல் தாழ்ந்தது, இத்தனை தடவை கத்தியது என்று எழுதுங்கள். அது வரவேற்பா, எச்சரிக்கையா என்ற முடிவுக்கு நூறு தடவை பார்த்த பிறகு வரலாம்.

இந்த எச்சரிக்கைக்கு இந்தப் பறவையே ஒரு அழகான காரணம் தருகிறது. மாலை மங்கும் நேரம் குடும்பம் முழுவதும் தூங்கப் போகும் பொந்தின் அருகே கூடும். அப்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பார்த்தால் இணைசேர்வது போலவே இருக்கும். ஆனால் ஆண் ஆண் மேல் ஏறும், பெண் ஆண் மேல் ஏறும், இளம் பறவை பெரியதன் மேல் ஏறும். யார் யார் என்று தெரியாதவர் இதை வருடம் முழுக்க "இணைசேர்தல்" என்று எழுதி, தப்பான ஒரு குடும்ப மரத்தை வரைந்திருப்பார். உண்மையான இணைசேர்தலைக் கண்ணால் காண்பது அரிது. யார் யாருக்குப் பிறந்தது என்பது பிறகு டிஎன்ஏ சோதனையில்தான் உறுதியானது. குஞ்சுகள் அந்தக் குடும்பத்தின் இனப்பெருக்கப் பறவைகளுக்கே பிறந்தவை, வெளியாள் கலப்பு இல்லை, உதவிப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கில்லை. கண்ணால் பார்ப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்துகொள்வதும் இந்தக் கலையில் சேர்த்தி.

மரங்கொத்திக்குத் தலை வலிக்காதா என்ற கேள்வியும் இதே ரகம். மண்டையோடு பஞ்சுபோல் அதிர்வைத் தாங்கிக்கொள்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2022-இல் சாம் வான் வாசென்பெர்க் குழுவினர் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் எடுத்து, காட்சி காட்சியாக அளந்தார்கள். மண்டையோடு விறைப்பான சுத்தியல் போலத்தான் இயங்குகிறது, அதிர்வை உறிஞ்சவில்லை என்று தெரிந்தது. மூளை மிகச் சிறியது, அதனால் அந்த அதிர்வு அதைப் பாதிக்கும் அளவுக்குப் போவதில்லை.

காலியான இடமும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும்

ஒரு குடும்பத்தில் இனப்பெருக்கம் செய்யும் பெண்கள் எல்லாம் இறந்துவிட்டால் என்ன ஆகும்? மிச்சமுள்ள மகள்கள் தகப்பனோடு சேர்வதில்லை, வெளியிலிருந்து பெண்கள் வர வேண்டும். பக்கத்துக் குடும்பங்களில் உதவிப் பிள்ளைகளாகக் காத்திருக்கும் சகோதரிகள் அணி அணியாக வந்து சேர்கிறார்கள். நல்ல களஞ்சியம் இருக்கும் மரமென்றால் சண்டை நாள் கணக்கில் நடக்கும். சிறகு முறியும், கண் போகும், உயிரும் போகும். ஆண்கள் இடம் காலியானாலும் இதே கதைதான்.

சஹஸ் பர்வே என்ற இந்தியப் பறவையியலாளரும் ஹேஸ்டிங்ஸ் குழுவினரும் பறவைகளின் முதுகில் சின்ன ரேடியோக் கருவி மாட்டி இதைக் கவனித்து, 2020-இல் வெளியிட்டார்கள். சண்டையைப் பார்க்கும் மனிதக் கண்ணுக்குச் சண்டை மட்டும்தான் தெரியும், அங்கே வந்துபோகும் மற்றவர்கள் தெரியமாட்டார்கள். கருவி அதைக் காட்டியது. சண்டையில் சேராத பறவைகள் கிலோமீட்டர் கணக்கில் தூரம் கடந்து வந்து, சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. சொந்த மரத்தையும் கொட்டையையும் காவல் இல்லாமல் விட்டுவிட்டு வருகிறார்கள் என்றால், அங்கே கிடைக்கும் செய்திக்கு அவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. திருவிழாச் சண்டையைக் கேள்விப்பட்டு ஊர் கூடுவது போன்ற ஒன்றை ஒரு மரங்கொத்தியிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

வளையம் இல்லாதவர் என்ன செய்வது

ஹேஸ்டிங்ஸ் ஆய்வாளர்களுக்கான இடம். நீங்கள் போகும் பூங்காவில் பறவையின் காலில் வளையம் இருக்காது. நீங்களாக மாட்டவும் கூடாது, அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். ஆனாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

தலையைப் பாருங்கள். ஆணுக்கு உச்சிச் சிவப்பு நேராக வெள்ளை நெற்றியைத் தொடும். பெண்ணுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு கருப்புப் பட்டை. இளம் பறவைக்குத் தலை ஆண் போலவே இருக்கும், ஆனால் கண் கருமையாக இருக்கும், வெளுப்பு பிறகுதான் வரும். ஆக, "பறவை" என்று எழுதும் இடத்தில் "பெரிய ஆண்", "பெரிய பெண்", "இளசு" என்று எழுத ஆரம்பித்தாலே குறிப்பேடு மாறிவிடும். ஒன்றுக்கு வாலில் ஒரு இறகு குறைந்திருக்கலாம், ஒன்றுக்கு மார்புக் கோடு வித்தியாசமாக இருக்கலாம். இறகு மாறும் வரைக்கும் அது உங்களுக்கு வளையம்.

ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து மரத்துக்கு ஒரு தடவை போவதைவிட ஒரு மரத்துக்குப் பத்து தடவை போவது நல்லது. முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, பின்னால் ஒரு புதரோ மரமோ இருக்கும்படி உட்காருங்கள். முதல் கால்மணி நேரம் எதுவும் எழுத வேண்டாம், பறவைகள் உங்களை மறக்கட்டும். செல்போனில் அவற்றின் குரலைப் போட்டு வரவழைக்கக் கூடாது. எல்லைக்குள் வெளியாள் வந்துவிட்டான் என்று குடும்பமே பதறும், நீங்கள் எழுதுவதும் அந்தப் பதற்றமாகத்தான் இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பொந்தில் குஞ்சு இருக்கும் காலத்தில் இன்னும் தள்ளியே இருங்கள்.

எந்த வருடம் என்பதும் முக்கியம். ஓக் மரங்கள் எல்லா வருடமும் ஒரே அளவு காய்ப்பதில்லை, ஒரு வருடம் தரை தெரியாமல் கொட்டும், இன்னொரு வருடம் ஒன்றும் இருக்காது. மோசமான வருடத்தில் மரங்கொத்திகள் இடத்தையே காலி செய்துவிட்டுப் போவதுண்டு. காய் நன்றாக விழுந்த வருடத்தில் வசந்தம் வரை காத்திராமல் இலையுதிர்காலத்திலேயே சில குடும்பங்கள் முட்டையிடும். ஒரு காட்டில் பல வகை ஓக் இருந்தால் ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கொடுக்கும், அங்கே குடும்பங்களும் நிலைத்து நிற்கும். அதனால் குறிப்பேட்டில் பறவையோடு மரத்தையும் எழுதுங்கள், அந்த வருடம் காய் எப்படி என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக, வேறு எதுவும் செய்ய முடியாத நாளிலும் செய்யக்கூடிய ஒன்று. சூரியன் இறங்குவதற்கு அரை மணி முன்னால் தூங்கும் பொந்து தெரியும் இடத்தில் உட்காருங்கள். ஒவ்வொன்றாக உள்ளே போகும்போது எண்ணுங்கள், ஆணா பெண்ணா இளசா என்று குறியுங்கள். மறுநாள் விடியுமுன் அதே இடத்துக்கு வந்து வெளியே வருபவர்களை எண்ணுங்கள். நான் கவனித்த குடும்பத்தில் ஒரு நவம்பர் மாலை ஏழு உள்ளே போயின. காலையில் ஏழும் வெளியே வந்தன, ஆனால் ஆறுதான் களஞ்சிய மரத்துக்குப் போயின. கருங்கண் இளசு ஒன்று மட்டும் நேராகப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் பறந்து, மத்தியானம் வரைக்கும் திரும்பவில்லை. எங்கே போனது என்று தேடித்தான் அடுத்த வாரம் எதிர்ச் சரிவில் உட்கார்ந்தேன்.